ஊட்டி நாளும் திண்டிவனம் நாளும்

தனக்குப் பெயர் வைத்தவர்கள் மேல் பெரியதம்பிக்கு அதுவரை ஒரு வருத்தமும் இருந்ததில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். திண்டிவனத்தை ஒட்டிய ஒலக்கூர் பக்கத்தில் அந்தப் பெயரில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அதில் இவன் ஏசி மெக்கானிக் பெரியதம்பி, அவ்வளவுதான். போன சித்திரையில் விழுப்புரத்துக் காலேஜ் ஒன்றில் ஏசி மாட்டப் போன இடத்தில், ஷாலினி என்ற பெண் ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டபோதுதான் முதல்முதலாக அந்தப் பெயர் தொண்டையில் சிக்கியது.

"பெரியதம்பிங்க."

"பெரியதம்பியா?" அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்குதே. தம்பி, இந்த ஏசிய பத்தொம்பதுல வச்சா பத்தொம்பதுலயே நிக்குமா?"

தம்பி! அவளைவிட இரண்டு வயதாவது மூத்தவன் அவன். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதற்குள் தம்பி உட்கார்ந்திருந்தான், சுருக்கிக் கூப்பிட்டால் தம்பி மட்டும்தான் மிஞ்சினான். சரி, மற்ற மெக்கானிக்குகளைக் கூப்பிடுகிற மாதிரி அண்ணா என்று கூப்பிட்டிருந்தாலாவது தேவலாமா என்றால், அதுவும் இடிதான். "நிக்கும்ங்க, அசையாம நிக்கும்," என்று வாய் பதில் சொன்னது. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அவள் அங்கே உடலியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு இரண்டு சின்ன அறைகள் தேவைப்பட்டன. ஒன்று பத்தொன்பது டிகிரியில் குளிர வேண்டும், இன்னொன்று இருபத்தெட்டில் இதமாக இருக்க வேண்டும். குளிர்கிற அறைக்குக் காலேஜ் பிள்ளைகள் ஊட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்றதற்குத் திண்டிவனம். சித்திரையில் இருபத்தெட்டு டிகிரி என்பது திண்டிவனத்துக்காரர்கள் கனவில்கூடக் காணாத சுகம் என்று பெரியதம்பிக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் ஊரை விட்டுக்கொடுத்துவிட்டான்.

"இந்த ரூமுங்கள்ல இன்னாங்க பண்ணுவீங்க?"

"ஆளுங்கள படுக்க வைப்போம். ஒரு நாளு ஊட்டியில, ஒரு நாளு திண்டிவனத்துல. சும்மா படுத்துகினு இருக்கும்போது ஒடம்பு எவ்ளோ சக்தி செலவு பண்ணுதுன்னு அளப்போம்."

"சும்மா படுத்துகினு இருந்தா இன்னாங்க செலவாவப் போவுது?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. நீங்க சும்மா இருந்தாலும் ஒடம்பு சும்மா இருக்காது. உள்ள ஒரு அடுப்பு எரிஞ்சிகினே இருக்கும். சுத்தி இதமா இருந்தா சின்னதா எரியும். குளுந்து போச்சுன்னா, உள்சூடு கொறையக் கூடாதுன்னு ஒடம்பே அடுப்ப தூண்டி விடும். நீங்க இழுக்கற மூச்சு, விடற மூச்சு, ரெண்டையும் வச்சு எவ்ளோ எரியுதுன்னு சொல்லிடலாம்."

பெரியதம்பி ஏணியின் உச்சியில் ஸ்பேனரோடு யோசித்தான். "அப்ப நாங்க மாட்டற கம்ப்ரஸர் மாதிரிதாங்க. அது வெளிய சூடானா ஜாஸ்தி ஓடும். நம்ம ஒடம்பு வெளிய குளுந்தா ஜாஸ்தி ஓடும். ரெண்டுக்கும் ஒரே பேஜாரு, எதிர்ப்பக்கமா."

ஷாலினி சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த வேகத்தில் பெரியதம்பி முன்னால் குனிய, சட்டைப் பையில் இருந்த போன் வழுக்கித் தரையில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கிற வசதி போய்விட்டது. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள், சுற்றி இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். அதைச் சரி செய்ய அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சிரிப்பு விழுந்த இடம் என்று வைத்துக்கொண்டான், பைத்தியக்காரன்.

ஏசி மாட்டி முடித்த அன்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும், பதினோரு பேர் கிடைத்துவிட்டார்கள். ஹாஸ்டல் பையன்கள் லீவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். "நீங்க வந்து படுக்க முடியுமா?"

"எங்கம்மா தெனம் படுக்காதடா படுக்காதடான்னு திட்டுதுங்க. படுன்னு ஒருத்தர் கூப்புடறது இதான் மொதோ தடவ. வர்றேங்க."

"ஆனா ரூல்ஸ் இருக்கு. மொத நாளு ராத்திரி சாப்பாட்டோட சரி. காலையில வெறும் வயித்தோட வரணும். சாப்ட்டா அத ஜீரணம் பண்றதுக்கே அடுப்பு பெரிசா எரியும், எங்க கணக்கு கெட்டுப் போயிடும். டீ கூடாது, காபி கூடாது. தண்ணி மட்டும் குடிக்கலாம்."

"தண்ணி எவ்ளோ வேணா குடிக்கலாமாங்க?"

"தண்ணி எவ்ளோ வேணா குடிங்க, தம்பி."

அவன் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டான். தம்பியை மட்டும் அதிலிருந்து கழித்துவிட்டான்.

வீட்டில் அஞ்சம்மாளுக்கு இந்த ஏற்பாடு தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மகன் வேலைக்குப் போகிறான் என்றால் சரி. படுக்கப் போகிறேன் என்கிறான். அதுவும் பஸ் ஏறி, விக்கிரவாண்டி தாண்டி. "திண்டிவனத்துல இருக்கறவன் திண்டிவனத்துல படுக்கறதுக்கு விழுப்புரம் போறானாம்!" என்று மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி சொன்னாள். ஆனாலும் தாய் அல்லவா. ரூல்ஸ் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போகிற நாளெல்லாம் விடியலிலேயே எழுந்து மகனுக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்து வைத்தாள். அவனும் அதை அண்ணாந்து குடித்துவிட்டு, ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை என்ற நிம்மதியோடு பஸ் ஏறினான்.

முதலில் ஊட்டி. அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு மேல் ஒரு கண்ணாடி மாதிரியான மூடியைக் கவிழ்த்தாள் ஷாலினி. பேக்கரியில் கேக்கை மூடி வைப்பார்களே, அந்தச் சாடை. அதிலிருந்து ஒரு குழாய் மிஷினுக்குப் போனது. பேசக்கூடாது, அசையக்கூடாது, தூங்கவும் கூடாது. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியதம்பி வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குக் குளிரை விற்றவன். அன்றைக்குத்தான் தான் விற்ற சரக்கு தன் மேலேயே இறங்குவதை அனுபவித்தான். நடுங்கும் அளவுக்குக் குளிர் இல்லை. ஆனால் தோல் சுருங்கியது, கால் விரல்கள் ஒன்றையொன்று தேடின. முடிந்ததும் அவள் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். எல்லாருக்கும் கொடுப்பாளாக்கும் என்று நினைத்துக்கொண்டான். அது அவன் போட்ட தப்புக் கணக்கு.

இன்னொரு நாள் திண்டிவனம். ஆகா, அது சொர்க்கம். குளிரும் இல்லை, வியர்வையும் இல்லை, உடம்பு இருப்பதே மறந்துவிடும். கண்ணாடி மூடிக்குள்ளிருந்து ஓரக்கண்ணால் பார்த்தால் ஷாலினியின் பாதி முகம் தெரியும். நெற்றியில் விழுகிற முடியை அவள் ஊதி ஊதித் தள்ளுவாள், பேனாவைக் கடிப்பாள். பெரியதம்பி சிவனே என்று கிடந்தான். உலகத்தில் இதற்கு மேல் ஒரு வேலை உண்டா என்று தோன்றியது.

இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போனபோதுதான் ஷாலினியின் நெற்றி சுருங்க ஆரம்பித்தது. மற்ற பதினோரு பேருக்கும் ஊட்டியின் கோடு மேலே, திண்டிவனத்தின் கோடு கீழே, ஒழுங்காக இருந்தது. பெரியதம்பிக்கு மட்டும் இரண்டு கோடுகளும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒன்றாக நடந்தன. இதமான அறையில் சுகமாகப் படுத்திருக்கிறான், உள்ளே அடுப்பு மட்டும் குளிரில் எரிவது போலத் திகுதிகுவென்று எரிகிறது.

அவளுடைய பேராசிரியர் விருத்தாசலம், கையில் டீ கிளாஸ் இல்லாமல் யாரும் பார்த்திராத மனிதர். வந்து திரையைப் பார்த்தார். "ஏசி ஒழுங்கா மாட்டலப்பா. ரூம் குளுந்திருக்கும்."

பெரியதம்பிக்குச் சுருக்கென்றது. அவன் மாட்டின ஏசியைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடனே மூன்று தெர்மாமீட்டரை மூன்று மூலையில் வைத்துக் காட்டினான். மூன்றும் இருபத்தெட்டு. ஏசி தப்பித்தது. மிஷினைச் சோதித்தார்கள், அதுவும் தப்பித்தது. தைராய்டு டெஸ்ட், காய்ச்சல், எல்லாம் பார்த்தார்கள். உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

"தம்பி, ஒடம்புல கோளாறு இல்லன்னா மனசுல எதுனா இருக்கும்," என்றார் விருத்தாசலம் டீயை உறிஞ்சிக்கொண்டே. "டென்ஷன்ல இருந்தாக்கூட இது ஏறும். வீட்ல சண்டையா? இல்ல யாரயாவது லவ் கிவ் பண்றியா?"

அவர் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். பெரியதம்பிக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. மிஷின் கண்டுபிடித்துவிட்டது! அவன் யாரிடமும் மூச்சு விடாத விஷயத்தை, அவன் விட்ட மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டது.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. ஊட்டியில் ஏன் தப்பு வரவில்லை? அங்கே கால் விரலைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கிறது, காதலிக்க எங்கே நேரம்? திண்டிவனத்தில்தான் உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை, அதனால் மனசு இஷ்டத்துக்கு ஆடுகிறது. இதைவிட ஆதாரம் வேண்டுமா? அடுத்த திண்டிவனம் நாளில் அவன் மனசைக் கட்டிப்போட ஆனமட்டும் பார்த்தான். கரண்ட் ஆபீஸில் நின்ற க்யூவை நினைத்தான். செத்துப்போன கம்ப்ரஸர்களை ஒவ்வொன்றாக நினைத்தான். சித்தப்பா குறட்டை விடுவதை நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "தூங்காதீங்க தம்பி, கண்ண தொறங்க," என்றாள் அவள், மூடிக்குப் பக்கத்தில் குனிந்து. எல்லாம் பாழாய்ப் போயிற்று.

மூடியை எடுத்ததும் ஷாலினி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "சார் உங்கள எடுத்துடுன்னு சொல்றாரு. எடுத்தா ஒரு ஆளு கொறையும். புதுசா ஒருத்தர புடிச்சி முதல்ல இருந்து பண்ண டைம் இல்ல, மாசக் கடைசில தீசிஸ் குடுத்தாகணும். இந்த வாட்டி விட்டா அடுத்த டேர்ம்தான். எங்கப்பா ஏற்கனவே படிச்சது போதும்னு சொல்லிகினு இருக்காரு." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "வெள்ளிக்கெழம ஒரே ஒரு வாட்டி கடைசியா திண்டிவனம் போட்டுப் பாக்கலாம். அன்னைக்கும் இப்படியே வந்துச்சுன்னா அவ்ளோதான்."

பெரியதம்பி தன்னைத்தானே நொந்துகொண்டான். தன் காதல் ஒரு பெண்ணின் படிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றால் அது என்ன காதல்! பேசாமல் உண்மையைச் சொல்லிவிடலாம். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வேறு யாரையாவது உட்கார வைத்தால் கோடு தானாக இறங்கிவிடும் என்று சொல்லலாம். அவள் தீசிஸ் பிழைக்கும். அவன்தான் பிழைக்க மாட்டான். அதற்குப் பிறகு எந்தப் பெண் அவனை அறைக்குள் விடுவாள்? வாசலிலேயே அனுப்பிவிடுவாள். இனி அந்தக் காலேஜ் ஏசி ரிப்பேரானால்கூட வேறு மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா சொம்பை எடுத்து வைத்ததைக்கூடப் பார்க்காமல், சட்டைப் பொத்தானை நடந்துகொண்டே போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தான். வழியெல்லாம் ஒத்திகை. 'நான் ஒண்ணு சொல்லணுங்க' என்று ஆரம்பிப்பதா, 'தப்பா நெனைக்காதீங்க' என்று ஆரம்பிப்பதா? விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது வாய்விட்டே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், "நான் ஒண்ணும் நெனைக்கல தம்பி," என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

ஷாலினியிடம் தனியாகச் சொல்லலாம் என்று வந்தவனுக்கு அங்கே விருத்தாசலமும் டீ கிளாஸோடு தயாராக நின்றது தெரியாது. பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தன. நிறுத்த முடியவில்லை.

"ஏசி மேல தப்பு இல்லங்க. மிஷின் மேலயும் தப்பு இல்ல. தப்பு எம்மேலதான்," என்று ஒரே மூச்சில் ஆரம்பித்தான். "நீங்க பக்கத்துல உக்காந்துகினு இருந்தா எனக்கு ஏறுது. முடிய ஊதித் தள்றீங்க இல்ல, அப்ப ஏறுது. தம்பின்னு கூப்ட்டா வேற மாதிரி ஏறுது. நான் எவ்ளோவோ அடக்கிப் பாத்தேன், முடியல. நீங்க வெளிய போயிட்டு வேற யாரயாவது உக்கார வச்சீங்கன்னா எறங்கிடும். உங்க படிப்பு என்னால கெட வேணாங்க."

விருத்தாசலத்துக்குப் புரையேறியது. டீ சட்டையில் வழிந்தது. ஷாலினி கையில் வைத்திருந்த குழாயை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. முகம் சிவந்ததா, கோபமா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதறி அணைக்கப் போனவன் விரல் பச்சையில் பட்டுவிட்டது.

"டேய் பெரியதம்பி!" என்று அஞ்சம்மாளின் குரல் ஸ்பீக்கரில் முழங்கியது. "நீச்சத்தண்ணி கரைச்சி வச்சது வச்சபடி கெடக்குதேடா, குடிக்காம எங்கடா ஓடுன? இன்னைக்கு திண்டிவனம்னு சொன்ன இல்ல, ஒடம்பு சூடு ஏறிக்குமேடா!"

விருத்தாசலம் சட்டையைத் துடைப்பதை நிறுத்தினார். மெல்ல வந்து போனுக்கு நேராகக் குனிந்தார். "அம்மா, வணக்கம்மா. நான் காலேஜ்லேர்ந்து பேசறேன். அந்த நீச்சத்தண்ணியில இன்னா போடுவீங்க?"

"அதுல இன்னா சாரு இருக்குது? ரெண்டு புடி பழைய சோத்த நல்லா கரைச்சி, கெட்டி மோரு ஊத்தி, உப்பு போட்டு, நாலு சின்ன வெங்காயத்த நசுக்கிப் போடுவேன். தண்ணி மட்டும்தான் குடிக்கணும்னு நீங்க சொன்னீங்களாமே. அதான் கடிக்கறதுக்கு ஒரு மொளகா கூட குடுக்கறது இல்ல."

"தெனமும் குடிப்பாராம்மா?"

"திண்டிவனம் போற அன்னைக்கு மட்டும்தான். எம்புள்ளைய அந்த சூட்டுல போட்டு வாட்டறீங்களே, குளுகுளுன்னு உள்ள போவட்டும்னு ஒரு பெரிய சொம்பு. ஊட்டி போற அன்னைக்கு குடுக்க மாட்டேன், சளி புடிச்சிக்கும். அன்னைக்கு வெறும் சுடுதண்ணிதான்."

இதைக் கேட்டதும் விருத்தாசலம் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ஷாலினி தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக அவர்கள் ஏசியைக் கழற்றி, மிஷினைக் கழற்றி, ஒரு மனுஷனின் ரத்தத்தையே எடுத்துத் தேடிய காரணம், ஒலக்கூரில் ஒரு சொம்புக்குள் வெங்காயத்தோடு மிதந்துகொண்டிருந்தது. ஊட்டி நாளில் குளிரைச் சமாளிக்க அடுப்பு எரிந்தது. திண்டிவனம் நாளில் கரைத்த சோற்றை ஜீரணம் பண்ண அடுப்பு எரிந்தது. கோடு இரண்டும் ஏன் தோளில் கை போடாது?

"தண்ணி மட்டும்னு சொன்னேனே!" என்றாள் ஷாலினி.

"தண்ணிதாங்க அது," என்றான் பெரியதம்பி பரிதாபமாக. "பேர்லயே இருக்குதேங்க. நீச்சத்தண்ணி."

"ஆன்ட்டி, நான் ஷாலினி பேசறேன். அப்புறமா கூப்புடறோம் ஆன்ட்டி," என்று அவள் போனை வைத்தாள். வைத்த கையோடு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெரியதம்பிக்குத் தெரியவில்லை. விருத்தாசலம் சிரித்தது மட்டும் அந்த மாடி முழுக்கக் கேட்டது.

"அப்ப இவ்ளோ நேரம் நீ சொன்னது எல்லாம் இன்னாப்பா?" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பெரியதம்பிக்குத் தரை பிளந்தால் உள்ளே குதித்துவிடலாம் என்றிருந்தது. யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான். ஒரு சொம்பு மோருக்காகத் தன் ரகசியத்தைக் கொட்டிவிட்டான். இப்போது அள்ளவும் முடியாது.

"இன்னைக்கு குடிக்கல இல்ல?" என்றாள் ஷாலினி திரும்பாமலே.

"ஒரு சொட்டு கூட இல்லங்க."

"அப்ப படுங்க."

அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு மூடியைக் கவிழ்த்தாள். அந்த ஸ்டூலிலேயே, அதே இடத்திலேயே உட்கார்ந்தாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. பெரியதம்பி கூரையைப் பார்த்துக் கிடந்தான். மிஷின் உறுமியது, கோடு ஊர்ந்தது. எங்கே நின்றது தெரியுமா? கீழே. மற்ற பதினோரு பேருக்கும் நின்ற இடத்தில், பாய் விரித்துப் படுத்த மாதிரி நேராக.

விருத்தாசலம் கைதட்டினார். "பிரமாதம்! முடிஞ்சிது உன் தீசிஸ். இனிமே யாரும் கேள்வி கேக்க முடியாது. தம்பி, இவ பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா, உனக்கு ஒரு நூல்கூட ஏறல. உன் லவ்வு மோருல இருந்த லவ்வுப்பா!" என்று சொல்லிவிட்டு, கொட்டிய டீக்குப் பதில் டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போய்விட்டார்.

அவள் பிழைத்துக்கொண்டாள் என்று பெரியதம்பிக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே துக்கமும். இந்த உடம்புக்கு வெட்கம் இல்லையா? நேற்றுவரை அவளைப் பார்த்து என்ன ஆட்டம் ஆடியது! இன்றைக்கு ஊருக்கு முன்னால் காதல் என்று சொன்னவனை, ஒரு நேர்கோட்டைப் போட்டுப் பொய்யன் ஆக்கிவிட்டதே. அவனுக்குக் காரணம் புரியவில்லை. நமக்குப் புரிகிறது. மனசில் இருந்ததைச் சொல்லி முடித்துவிட்டான் அல்லவா? பல நாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்த சுமையை இறக்கி வைத்தவன் வேறு எப்படிக் கிடப்பான்?

ஷாலினி திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ரெக்கார்டிங் முடிஞ்சிது. மிஷின் இன்னும் ஓடிகினுதான் இருக்கு. அசையாதீங்க, பேசாதீங்க," என்றாள். அவன் பேசாமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டினான். "சார் உங்கள எடுத்துடுன்னு முதல்ல சொல்லும்போது ஹாஸ்டல்ல நாலு பசங்க லீவு முடிஞ்சி வந்திருந்தாங்க. அப்பவே ஒருத்தன புடிச்சிருந்தா என் வேல எப்பவோ முடிஞ்சிருக்கும். நான்தான் இன்னொரு வாட்டி பாக்கலாம் சார், இன்னொரு வாட்டி பாக்கலாம் சார்னு சொல்லிகினே இருந்தேன்." நெற்றி முடியை ஊதித் தள்ளினாள். "மத்த பதினோரு பேருக்கும் நான் டீ குடுக்கல."

பெரியதம்பிக்கு அது விளங்கி உள்ளே இறங்குவதற்குள் மறுபடியும் போன் அடித்தது. அது அவள் பக்கத்து மேஜையில் கிடந்தது. அவன் மூடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் எடுத்தாள்.

"இன்னாடா ஆச்சு? வெறும் வயித்தோட மயக்கம் கியக்கம் வந்துச்சா?" என்றது ஸ்பீக்கர்.

ஷாலினி அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்லா படுத்துகினு இருக்காரு, அத்தை."

திரையில் அதுவரை பாயில் படுத்திருந்த கோடு எழுந்து உட்கார்ந்தது, நின்றது, பிறகு ஓடத் தொடங்கியது. திண்டிவனத்தின் உயரத்தைத் தாண்டியது. ஊட்டியின் உயரத்தையும் தாண்டியது. அசையக் கூடாது என்று அவள் சொன்னதால் பெரியதம்பி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. மூடிக்குள் அவன் விட்ட மூச்சு மட்டும் புகையாகப் படிந்து, உள்ளே முகமே தெரியவில்லை. ஷாலினி திரையைப் பார்த்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாரும்மா அது?" என்றாள் அஞ்சம்மாள், குரலை வெகுவாக இறக்கிக்கொண்டு. "மொதல்ல ஆன்ட்டின்னு சொன்ன பொண்ணா?"

"ஆமாங்க அத்தை."

அஞ்சம்மாளுக்கு ஆராய்ச்சி புரியாது, ஆனால் இது புரிந்தது. "எங்க ஊட்டு நீச்சத்தண்ணி நீ குடிப்பியாம்மா?"

"குடிப்பேன் அத்தை," என்றாள் ஷாலினி. "தண்ணிதானே."